பன்னிரண்டில் ஒன்று

டக்.
நிமிஷத்துக்கு ஐம்பத்தைந்து முறை.
எண்ணியது நானில்லை, என் ஓரகத்தி ருத்ரம்மா.
ஓசூர் வால்வு கம்பெனியில் நாலு வருஷம்
நல்லதையும் கழிசலையும்
காதால் பிரித்தவள்.

அஞ்செட்டிக்குத் தெற்கே எங்கள் கொட்டாய்.
பள்ளத்தில் ஓடை, மேட்டில் தோட்டம்,
நடுவே நாற்பதடி ஏற்றம்.
கரண்டுக்கு எழுதிக் கொடுத்தோம்.
பதினாலு கம்பம், அதில் பதினொன்று
காட்டு இலாகா நிலத்தில் என்றார்கள்.
அந்தக் காகிதம் தேன்கனிக்கோட்டையில்
ஏதோ ஒரு மேசையில்
நிழலில் இருக்கிறது.
எங்கள் சாமந்திக்கு நிழல் கிடையாது.

ஒரு சித்திரையில் டீசல் இஞ்சின் வாடகைக்கு வந்தது.
பூ விற்ற காசு புகையாய்ப் போனது.
அப்புறம் குடம்தான்,
இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று,
நாளைக்கு முப்பது நடை.
அந்தச் சரிவின் ஒவ்வொரு கல்லும்
என் முழங்காலுக்குத் தெரியும்.

ருத்ரம்மா வாங்கிவந்தது
இரும்புக் குழாய் நாலு நீளம், வால்வு இரண்டு,
வாய் அடைத்த தடித்த பிளாஸ்டிக் குழாய் ஒன்று,
அதற்குள் திணிக்க
ஊதி முடிந்த சைக்கிள் டியூப்.
"மோட்டார் எங்கே?" என்றார் அவள் வீட்டுக்காரர்.
"தண்ணிதான்."
அவர் எருமையை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆறடி இறக்கத்தில் தண்ணீர் குழாய்க்குள் ஓடும்.
ஓட ஓட வேகம் பிடிக்கும்.
பிடித்த வேகமே எதிர்க் கதவை
அறைந்து சாத்தும்.
டக்.
ஓடிவந்தது நிற்க இடமில்லாமல்
பக்கத்துக் கதவைத் தள்ளி
காற்றின் வயிற்றில் முட்டும்.
காற்று ஒடுங்கும், பொறுக்கும்,
பொறுக்காமல் ஒரு மிடறை மேலே துப்பும்.
சாத்திய கதவு தன் பாரத்தில் விழுந்து திறக்கும்.
மறுபடி முதலிலிருந்து.

முதல் நாள் நாலு அடி அடித்து நின்றது.
மறுநாள் ஒன்பது.
வால்வுத் தண்டில் வாஷர் கோத்தாள், கழற்றினாள், கோத்தாள்.
ஏழாவது வாஷரில் நிற்கவே இல்லை.
நான் மேட்டுக்கு ஓடினேன்.
கறுப்புக் குழாயின் வாயில்
முதலில் காற்று, பிறகு தவளை மாதிரி ஒரு சத்தம்,
பிறகு பென்சில் தடிமனில்
ஓடை.

கீழ்க்காட்டு பசப்பா பார்க்க வந்தார்.
"பன்னிரண்டு குடத்தில் பதினொன்றைச் சிந்தி
ஒன்றை ஏற்றுகிறீர்கள். இது என்ன கணக்கு?"
"சிந்தினது எங்கே போகுது பாருங்க" என்றாள்.
பார்த்தார்.
அவர் ராகிக் கொல்லைப் பக்கம்தான்
ஓடை திரும்புகிறது.
அதற்குமேல் கணக்குக் கேட்கவில்லை.

ஒரு ராத்திரி ஃபாரஸ்ட் வாட்சர்
மரம் வெட்டுகிற சத்தமென்று டார்ச்சோடு வந்தார்.
வெட்டுபவனும் இல்லை, கோடரியும் இல்லை.
"இதுக்குப் பர்மிஷன் இருக்கா?"
"எதுக்குங்க? தண்ணி கீழே விழறதுக்கா?"
கொஞ்ச நேரம் பாறையில் உட்கார்ந்திருந்தார்.
போகும்போது அவர் பூட்ஸும்
அதே தாளத்தில் போனது.

நேற்று நடுச்சாமத்தில் திடுக்கிட்டு எழுந்தேன்.
எந்தச் சத்தமும் இல்லை.
அதுதான் எழுப்பியது.
அவரை காய்க்கிற மாசம், யானை வரும் மாசம்.
குழாயை மிதித்திருக்குமோ என்று
இரண்டு பேரும் மூச்சடக்கி இறங்கினோம்.
வால்வின் வாயில் ஒரு நண்டு,
பாதி உள்ளே பாதி வெளியே,
எங்களைவிடப் பயந்துபோய்.
ருத்ரம்மா கொடுக்கைத் தவிர்த்து முதுகைப் பிடித்து
ஓடையில் விட்டாள்.
விரலால் கதவை ஒரு அழுத்து, இரண்டு, மூன்று.
டக்.

ஏறி வரும்போதுதான் கவனித்தேன்.
இந்தச் சரிவில் வெறுங்கையோடு
நான் நடந்ததே இல்லை.
கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
முன்னால் போன ருத்ரம்மா நின்று
காதைச் சாய்த்தாள்.
"ஐம்பத்திரண்டு.
காலையில ஒரு வாஷரை எடுக்கணும்."